ஒன்பதாம் சுருளில் இருப்பவன்

கிர்க்யா, ஃபுக்லோய் தீவு
4 அக்டோபர் 2014

அன்புள்ள துரிட்டாவுக்கு,

முதலில் நம் பிள்ளைகள் சேதி. ரன்வா மருத்துவச்சிப் படிப்பில் தேறிவிட்டாள். தோர்ஷாவ்ன் ஆஸ்பத்திரியில் அவள் கையில் விழுந்த முதல் குழந்தை நாலரைக் கிலோவாம், அழுத அழுகையில் பக்கத்து அறை டாக்டரே எட்டிப் பார்த்தாராம். எய்துன் கப்பலில் இரண்டாம் அதிகாரி ஆகிவிட்டான். இனிமேல் அவன் சொன்னால்தான் சுக்கான் திரும்பும். சின்னவள் பியார்ட்டா கணக்கில் வகுப்பிலேயே முதல், அதுவும் அத்தனை டேனிஷ் பிள்ளைகளுக்கு நடுவில்.

நான் பெற்ற பிள்ளைகளைப் பற்றி எனக்கே சொல்கிறாளே இந்தக் கிழவி என்று சிரிப்பாய். சிரி. நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது என் அம்மா போய்விட்டாள். தம்பி தங்கைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க வீட்டுக்கு வந்தவள் நான். எனக்கு இப்படி மூன்று பேரப்பிள்ளைகள் என்றால் அதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? இந்த ஊரில் மிச்சம் இருக்கிற ஏழெட்டுப் பேரிடமும் சொல்லியாகிவிட்டது. என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள்.

நீ அனுப்பிய உறை ஹெலிகாப்டரில் வந்தது. நம் வீட்டுப் பழைய பிலிம் சுருள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படம் அச்சடித்து, நம்பர் போட்டு, அதன் முதுகில் என்ன, எந்த வருஷம், எந்த இடம், யார் யார் என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதிவிட்டேன். பழைய படத்தையெல்லாம் டிவியில் ஓட்டிக் காட்ட அதன் பின்னால் வைக்கிற ஒரு பெட்டிக்கு இத்தனை விவரம் எதற்கு என்றுதான் புரியவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கிற பாதிரியார்கூட இவ்வளவு கேட்க மாட்டார். நாலாம் படத்தில் ஆட்டைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருப்பவள் என் நாத்தனார் பில்லா. அவளுக்குக் கேமராவைக் கண்டாலே கண் மூடிக்கொள்ளும். கல்யாணப் படத்திலும் அப்படித்தான்.

உன் புருஷன் யாக்குப்புக்கு உலர்ந்த ஆட்டுக்கறி ஒரு துண்டு வைத்திருக்கிறேன். தின்ன முடியாது என்று எழுதியிருந்தாய். முகர்ந்தாவது பார்க்கட்டும். ஊர்க் காற்று அதில்தான் இருக்கிறது. அவனை இங்கேயே கூட்டிவந்திருக்கலாம் நீ. போகட்டும்.

போனில் கூப்பிடாதே. என் காதுக்குக் காற்றடிக்கிற மாதிரிதான் கேட்கிறது. எழுது.

மார்யுன்


எஸ்பியர்க்
15 அக்டோபர் 2014

அன்புள்ள அத்தைக்கு,

படங்கள் வந்தன. கறியும் வந்தது. அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் நர்ஸ் கிர்ஸ்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க எதுவோ செத்துப்போச்சு"ன்னு சொன்னாள். இவர், "இன்னும் இல்ல, கொஞ்சம் பொறு"ன்னார். அப்படித்தான் பேசுகிறார் இப்போதெல்லாம்.

நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகள் காப்பகத்தில் மூக்குத் துடைத்துவிடும் வேலை பார்க்கிறவளுக்கு இது புது வேலைதான். சுருள்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய கடைக்காரர் வெறும் நம்பர் போட்டுத்தான் கொடுத்தார். 'ஆடு கத்தரிப்பு, 1957' என்று நீங்கள் எழுதியதை அப்படியே போட்டேன். பெட்டி தன்னால் இன்டர்நெட்டில் தேடி, ஏதோ ஒரு பேய்ப் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து மேலே ஒட்டிவிட்டது. ரத்தம் சொட்டுகிற கத்தரிக்கோலோடு ஒரு பெண். யாக்குப் அதைப் பார்த்துவிட்டு, "பில்லா அத்தை இதுலதான் கண்ணத் தொறந்திருக்காங்க"ன்னார். சிரித்து இருமி, இருமிச் சிரித்து, ஆக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது பெட்டி எதையும் தேடாதபடி செய்துவிட்டேன். நான் எழுதுவதை மட்டும்தான் காட்டும்.

கட்டிலைக் கூடத்தில் டிவிக்கு எதிரே போட்டுவிட்டோம். அவர் இருக்கிற படங்களையெல்லாம் வருஷ வரிசையில் கோத்துக்கொண்டு வருகிறேன். கை நடுங்குகிறது, ஒரு பட்டனுக்கு மேல் அமுக்க முடியாது. அந்த ஒரு பட்டனை அமுக்கினால் குழந்தையிலிருந்து எங்கள் கல்யாணம் வரை தானாக ஓட வேண்டும். அதுதான் என் ஆசை.

முதலில் ஓட வேண்டியது ஒன்பதாம் சுருள். அதன் படத்தை மட்டும் நீங்கள் எழுதித் திருப்பி அனுப்பவில்லை. துறையிலிருந்து ஏறிவரும் பாதையில் மாமா இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவாரே, மூலையில் யாருடைய விரலோ மறைக்குமே, அது. வருஷம் இல்லாததால் பெட்டி அதைக் கடைசியில், பெயரில்லாதவற்றோடு தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் தேடி எடுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு நர்ஸிடமும் சொல்கிறார்: "அது எங்கப்பா. மேல உக்காந்திருக்கிறது நான்." அப்பா பற்றி அவருக்கு இருக்கிற ஒரே ஞாபகம் அதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நனைந்த கம்பளிச் சட்டை வாசம்கூட வருகிறதாம்.

ஒரு வருஷம்தானே அத்தை, எழுதி அனுப்புங்கள். மாமா கடலோடு போய்விட்ட வருஷக் கோடை என்றால் 1962. சரிதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மகன் பெயர் ஒரே இடத்தில், கறியோடு சேர்ந்து வருகிறது. பிள்ளைகளின் மார்க் எனக்குத் தெரியும். அவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கூட்டிவந்திருக்கலாம் என்று மட்டும் எழுதத் தெரிகிறது. விமானத்தில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவார் என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை எழுதுவது?

துரிட்டா


கிர்க்யா
24 அக்டோபர் 2014

துரிட்டா,

கோபமாக எழுதியிருக்கிறாய். சரிதான். அவன் பெயரை எழுத ஆரம்பித்தால் என் பேனா நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் மார்க்கை எழுதினால் ஓடுகிறது. அதனால்தான் அதை எழுதினேன். கேட்கவில்லை என்றால் அக்கறை இல்லை என்று அர்த்தமில்லை. கேட்டால் நீ பதில் எழுதிவிடுவாயே என்ற பயம்.

ஒன்பதாம் படம் என் மேஜைமேல்தான் இருக்கிறது. மறக்கவில்லை.

அது உன் புருஷன் இல்லை.

நம் கல்லறைத் தோட்டத்தில் மேற்கு மூலையில் ஒரு சின்னக் கல் பார்த்திருப்பாய். அதிலும் யாக்குப் என்றுதான் இருக்கும். என் மூத்தவன். இங்கே ஒரு பிள்ளை போனால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்போம், பெயரை மண்ணில் விட்டுவிட மாட்டோம். உனக்குத் தெரிந்ததுதான். உன் புருஷனுக்கும் தெரியும். சின்ன வயதில் அந்தக் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கியவனே அவன்தான். ஆனால் படத்தில் இருப்பது அந்தப் பிள்ளை என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

1958, ஜூலை மாதம். முந்தின வருஷமே உன் மாமா ஹானுஸ் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் இறக்கிவிட்டு வரும்போது அந்தக் கேமராவை வாங்கிவந்திருந்தார். சுருள் விலை அதிகம். ஆட்டை எடுப்பார், படகை எடுப்பார், பாறையில் கயிறு கட்டிப் பறவை பிடிப்பதை எடுப்பார். "பிள்ளைய ஒரு தடவ எடுங்களேன்"னா, "அவன் எங்க போயிடப் போறான், நாளைக்கு எடுத்தாப் போச்சு"ம்பார். அன்றைக்கு நான் கையிலிருந்து பிடுங்கி நானே எடுத்தேன். மூலையில் தெரிகிற விரல் என்னுடையது.

செப்டம்பரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்துக்கொண்டது. கிளாக்ஸ்விக்கிலிருந்து டாக்டர் வர வேண்டும். கடல் கொந்தளிப்பு அடங்கவே இல்லை. டாக்டர் வந்த படகு துறைக்கு வெளியே நின்று நின்று பார்த்தது. நான் மேலே, வீட்டு வாசலில். அவர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. கரையில் கால் வைக்க முடியவில்லை. படகு திரும்பிப் போய்விட்டது.

ஹானுஸ் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் தொடவில்லை. 1960-இல் உன் புருஷன் பிறந்தான். அப்போதும் தொடவில்லை. ஆகவே அப்பாவும் அவனும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. தூக்கினாரா என்றால் தூக்கினார், கொஞ்சினாரா என்றால் கொஞ்சினார். படம் இல்லை. 62 நவம்பரில் அவரும் போய்விட்டார்.

என் தம்பி ஓலிதான் அப்புறம் கேமராவை வெளியே எடுத்தது. அவனிடம் படம் காட்டுகிற இயந்திரம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்து அறையில் போர்வை கட்டி, ஊரையே கூட்டி, பழசையெல்லாம் காட்டினான். உன் புருஷனுக்கு அப்போது ஐந்து வயது. என் மடியில் இருந்தான். அந்தச் சுருள் ஓடியதும் துள்ளிக் குதித்தான். "அம்மா, அப்பா என்னத் தூக்கிட்டு வர்றாரு! நான்! நான்!" ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. அத்தனை பேருக்கும் தெரியும் அது யாரென்று. ஒருவர் வாய் திறக்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, யாருக்கு மனசு வரும்? இன்றுவரை இந்த ஊரில் ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை.

ஊர் வாயில் இருந்தவரை எனக்குக் கவலையில்லை. எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரியும். இப்போது நீ எழுத்தில் போடப் போகிறாய். நானும் இந்த ஊர்க் கிழங்களும் போனபிறகு பெட்டி சொல்வதுதான் நிற்கும். ரன்வாவின் பேரப்பிள்ளைகள் அதைத்தான் படிப்பார்கள். மூத்தவன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு அந்தக் கல்லையும் இந்த மூன்று நிமிஷத்தையும் விட்டால் வேறு ஒன்றும் இல்லை, துரிட்டா. சின்னவனுக்கு நீ இருக்கிறாய், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், பெட்டி நிறையப் படம் இருக்கிறது.

1958 என்று போடு. வேறு வருஷம் என் கையால் எழுத மாட்டேன்.

அவன் எப்படி இருக்கிறான்? கேட்டுவிட்டேன்.

மார்யுன்


எஸ்பியர்க்
2 நவம்பர் 2014

அத்தைக்கு,

உங்கள் கடிதங்களை நான் அவருக்கு வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. உறையைப் பார்த்ததும், "படி, படி"ன்னு கண்ணை மூடிக்கொள்வார். பேனா நின்றுவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது அவர் கண்ணோரம் தண்ணீர். பயம் என்று எழுதியிருந்ததையும் படித்தேன். அடுத்த வரிக்குப் போனேன். அதற்கடுத்த வரி என் கண்ணில் பட்டுவிட்டது.

என்ன செய்திருப்பீர்கள் என் இடத்தில்? கடாவைப் பற்றி வாசித்தேன். கிழக்குச் சரிவில் மேய்கிற கடா வேலி தாண்டிவிட்டது, பிடிக்க ஆளில்லை, இந்த வருஷம் கொழுப்பு நல்லா ஏறியிருக்கிறது என்று வாய்க்கு வந்ததெல்லாம் வாசித்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "அம்மா ஏன் திடீர்னு கடாவப் பத்தி எழுதுறாங்க?"ன்னார். "வயசாகுதுல்ல"ன்னேன். "எங்கம்மாவுக்கா?"ன்னு சிரித்தார். அந்தக் காகிதத்தைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகும் பையில் அடியில் வைத்திருக்கிறேன்.

எழுத மாட்டேன் என்றீர்கள். நான் எழுதிவிட்டேன். 1962. யார் என்ற இடத்தில் ஹானுஸ், யாக்குப். வரிசையில் முதலில் அதுதான் ஓடுகிறது. உங்கள் மூத்த மகன் கண்ணுக்கு நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளை போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. என் ஆள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். எப்படி இருக்கிறார் என்று கேட்டீர்களே, பதில் அவ்வளவுதான். மூச்சு விடுகிறார். வலிக்கு மார்ஃபின். ஒரு ஸ்பூன் ருபார்ப் தண்டுக் கூழ். நடுநடுவே தெளிவு வருகிறது, அப்போது அந்தப் பட்டனை அமுக்குகிறார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஐந்து வயதில் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பார். இப்போது சொல்லச் சொல்கிறீர்கள். பெட்டியில் வருஷம் மாறினால் அவர் கண்ணில் படாதா? படுத்துக்கொண்டு அந்த எழுத்தைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறார்.

இப்போது நான் ஒன்று கேட்கப்போகிறேன். எவ்வளவு பெரியது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். படத்தில் சத்தம் இல்லை. மாமா தலையை நிமிர்த்தி மேலே பார்த்து ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது. தோளில் இருக்கிற பிள்ளை சிரிக்கிறது. அது என்னவென்று இவருக்குத் தெரிய வேண்டுமாம். "அம்மாதானே எடுத்தது, அம்மாவுக்குக் கேட்டிருக்கும். எழுதிக் கேளு"ன்னு நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். விரல் உங்களுடையது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார், பார்த்தீர்களா.

அவருக்கு வாசிக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதுங்கள் அத்தை. அந்த நாளைப் பற்றி. அவருக்கு நடந்ததாக.

துரிட்டா


கிர்க்யா
11 நவம்பர் 2014

துரிட்டா, இந்தத் தாள் உனக்கு மட்டும். உள்ளே மடித்திருப்பதை அவனிடம் வாசி.

உன் கடிதம் வந்தபிறகு காற்று. ஹெலிகாப்டர் வரவில்லை, படகும் வரவில்லை. எழுதி வைத்தாலும் போகாதே என்று எழுதாமலே இருந்தேன். அது சாக்கு. உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். அப்புறம் அந்தப் படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அவனிடம், மூத்தவனிடம்தான், கேட்டேன். 'தம்பிக்குக் குடுக்கட்டுமாடா?' ரெண்டரை வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? கையில் இருப்பதை எந்தப் பிள்ளையும் சட்டென்று கொடுக்காது.

அந்த நாளைப் பற்றி இன்றுவரை நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஹானுஸிடம்கூட. அவரும் பேசியதில்லை. முதல் தடவையாக முழுசாக எழுதினேன். எழுதி முடித்து, பெயரை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தேன், பெயரும் ஒன்றுதானே. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்யுன்

*

என் யாக்குப்புக்கு,

துரிட்டா எழுதியிருந்தாள், அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாயாம். சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு வெயில். இந்தத் தீவில் அப்படி ஒரு வெயில் வருஷத்துக்கு எப்போதாவதுதான் வரும். புல்லெல்லாம் வெட்டிக் காயப்போட்டிருந்தது. நான் மேலே நின்று அதைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா படகைக் கட்டிவிட்டு வருகிறார் என்றதும் நீ என் கையை உதறிவிட்டு ஓடினாய். பாதை எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியுமே. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கீழேயிருந்து, "அங்கேயே நில்லுடா"ன்னு ஒரு சத்தம் போட்டார். நின்றுவிட்டாய். அப்பா பேச்சை மட்டும் கேட்பாய்.

தூக்கித் தோளில் வைத்தார். சட்டை நனைந்துதான் இருந்தது, உனக்கு ஞாபகம் இருப்பது சரி. மீன் வாடை. நீ பிடித்துக்கொள்ள இடம் இல்லாமல் அவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாய். பலமாக. நான் ஓடிவந்து அவர் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தேன். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்துச் சொன்னார்: "டேய், காதப் பிச்சிடாதடா. உங்கம்மா திட்டுறது நாளைக்கும் கேக்கணும் எனக்கு."

உனக்கு என்ன புரிந்ததோ, சிரித்தாய். பார், படத்தில் சிரிக்கிறாய். நானும் சிரித்தேன், அதனால்தான் படம் ஆடுகிறது, விரலும் குறுக்கே வந்துவிட்டது.

வீடுவரைக்கும் இறக்கிவிடவில்லை. நான் கஞ்சி வைத்தேன். நீ அவர் மடியிலேயே ஸ்பூனோடு தூங்கிப்போனாய். "எடுக்காத, இருக்கட்டும்"ன்னார். கால் மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவுதான்டா கண்ணு. அப்பாவுக்கு உன்மேல் உயிர்.

உன் அம்மா


எஸ்பியர்க்
24 நவம்பர் 2014

அன்புள்ள அத்தைக்கு,

ரன்வா ஹெலிகாப்டரில் வந்து உங்களிடம் நேரிலேயே சொல்லியிருப்பாள். அவள் சொன்னபிறகுதான் இந்தக் கடிதம் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

உங்கள் கடிதம் நேரத்துக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெளிவாக இருந்தார். வாசித்தேன். காது என்று வந்த இடத்தில் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அவர் காதை எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் பிடிப்பார்கள். "இன்னொரு தடவ"ன்னார். வாசித்தேன். அப்புறம் பட்டனை அமுக்கினார். இந்த முறை அப்பா வாய் அசைகிற இடத்தில் இவரும் சேர்ந்து சொன்னார், முணுமுணுவென்று.

பிறகு நடந்ததை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வரிசை ஓடி முடிந்தது. பெட்டியின் முதல் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் முகம், கீழே பெயர் என்று வைத்திருந்தேன். மாமா, நீங்கள், பில்லா அத்தை, ஓலி மாமா, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணனக் காணோமே"ன்னார்.

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அப்பா அவன ஒரு தடவகூட எடுக்கலையா, துரிட்டா? எனக்கு இவ்வளவு இருக்கு. தோள்ல ஏத்தி, காதப் பிடிச்சு... அவனுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சே. பாவம்."

"இல்ல போலிருக்கு"ன்னேன்.

"அவனுக்கும் ஒரு வட்டம் போடு. மூஞ்சி இல்லாட்டிப் போவுது. பேராவது இருக்கட்டும்."

போட்டேன். ஒரே பெயர் என்பதால் பெட்டி இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது, பெரியவர் வட்டத்தில் இவர் முகமே வந்து நின்றது. "1956னு சேர்த்துப் போடு. கல்லுல இருக்கும், எத்தன தடவ தொடச்சிருக்கேன்"ன்னார். சேர்த்தேன். பிரிந்து வந்தது. 'யாக்குப் 1956', உள்ளே முகம் இல்லாமல் சாம்பல் நிறம். பக்கத்தில் 'யாக்குப் 1960'. "இப்ப சரி"ன்னு சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

என் வாய்வரைக்கும் வந்தது அத்தை. அது உன் அண்ணன்தான், அவனுக்கும் இருக்கிறது என்று. சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரோ என்னவோ. இனி எனக்கு எப்போதுமே தெரியாது. மறுநாள் பேச்சு இல்லை. அதற்கு மறுநாள் மதியம் போய்விட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆடு கத்தரிப்பு.

கப்பலில் கொண்டுவருகிறோம். நீங்கள் ஆசைப்பட்டபடி ஊருக்கே. எய்துன்தான் எல்லாம் பார்க்கிறான். மேற்கு மூலையில் இடம் சொல்லி வையுங்கள்.

வருஷத்தை மாற்றட்டுமா? இன்னும் 1962 என்றுதான் இருக்கிறது. கை போகவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

துரிட்டா


கிர்க்யா
17 ஜனவரி 2015

அன்புள்ள துரிட்டா,

நீ போனபிறகு கடல் ஒரு நாள்கூட அடங்கவில்லை. அவன் வந்த அன்றைக்கு மட்டும் குளம் மாதிரி இருந்ததே, பார்த்தாய் அல்லவா. ஆறு பேர் துறையிலிருந்து அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். எய்துன் முன்னால். நான் மேலே வாசலில் நின்று பார்த்தேன். வேறு எங்கே நிற்பது?

நீ இங்கே இருந்தவரை நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காப்பி குடித்தோம், பாத்திரம் கழுவினோம், வந்தவர்களுக்கு ரொட்டி வெட்டினோம். போகும்போது படகில் ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாய். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். என்ன சொன்னாயோ, சரி என்றுதான் ஆட்டினேன்.

கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. அவன் கடைசியாகச் சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அந்தத் தாளை மடித்தபடியே வைத்திருக்கிறேன், திரும்பப் பிரிக்க முடியவில்லை. பாவம் என்றானாம். தன்னிடம் இருப்பது அண்ணனுடையது என்று தெரியாமல், அண்ணனுக்கு ஒன்றும் இல்லையே என்று இரங்கியிருக்கிறான். நான் இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் கிடைக்கும் என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். அவன் கேட்காமலே பங்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வருஷத்தை மாற்று. 1958. யார் என்ற இடத்தில் ஹானுஸ், யாக்குப் 1956 என்று போடு. ஆனால் உன் புருஷன் வரிசையிலிருந்து அதை எடுத்துவிடாதே. முதலில் அதுதான் ஓடட்டும். பிறக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் இவர் வரிசையில் எப்படி என்று யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லு. உனக்குப் பிறகு ரன்வா சொல்லட்டும். அடக்கத்துக்கு வந்திருந்த கிழங்களிடம் நான் சொல்லிவிட்டேன், இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. தம்பி ஓலி, "இப்பயாவது சொல்ல விட்டியே"ன்னு அழுதுவிட்டான்.

நான் அனுப்பிய அந்தக் கடிதத்தை எரிக்காதே. அதில் பொய் இல்லை. பிள்ளைதான் மாறியிருக்கிறான்.

மூத்தவன் வட்டம் இன்னும் சாம்பலாகத்தான் இருக்கிறதா? ஒன்பதாம் சுருளிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி அதில் வை. சிரிக்கிற இடமாகப் பார்த்து எடு. காதைப் பிடித்திருக்கும் கை தெரிந்தால் தெரியட்டும்.

கல்லறைத் தோட்டத்தில் இப்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், தினம் போகிறேன். ஆனால் கல்லில் முகம் இல்லை. என் இரண்டு பிள்ளைகளையும் ஒரே இடத்தில், முகத்தோடு, நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை, துரிட்டா. வேலை முடிந்ததும் டிவிக்கு நேரே நின்று, கை ஆடாமல், அந்த இரண்டு வட்டமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு.

மார்யுன்